எது முந்துகிறதோ அது

கோதுமை மாவுக்குக் கறுப்பு எண்ணெய் ஆகாது.
இந்த மோட்டார் சைக்கிளை நான் வாங்கியதற்கு
வேறு காரணம் கிடையாது.
விடிய மூன்றேகாலுக்கு புர்க்டோர்ஃபில் ரயில் இல்லை.
பேக்கரியின் வெள்ளைக் காற்சட்டையோடுதான் போகவேணும்.
பழைய வண்டியின் சங்கிலி
ஒவ்வொரு நாளும் கணுக்காலில் கையெழுத்து வைத்தது.

இதில் சங்கிலி இல்லை.
ஒரு குழாய்க்குள் ஒரு தண்டு சுழன்று
பின்சில்லின் நடுவே ஒரு பெட்டிக்குள் போய்
பல்லோடு பல் பேசுகிறது.
"ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று சொன்னவர்கள்
எல்லோரும் சங்கிலி வைத்திருப்பவர்கள்.

பெட்டிக்குள் நூற்றெண்பது மில்லிலீற்றர்.
ஒரு கோப்பைத் தேத்தண்ணி.
அதன்மேல்தான் முழு வண்டியும்
என் எழுபத்திரண்டு கிலோவும்
ஏற்றம் ஏறுகின்றன.

எவ்வளவுக்கு ஒருக்கால் மாற்றுவது?
பேயாத் மாப் பிசைந்தபடி சொன்னான்: பத்தாயிரம்.
அவனுடைய மைத்துனன் கேட்டான்: மாற்றுவதா, எதை?
கைநூல் சொன்னது: இருபதாயிரம் கிலோமீற்றர்
அல்லது ஒரு வருடம்,
எது முந்துகிறதோ அது.

பதினொரு வருடமாய் எனக்குப் பழக்கமான வாக்கியம்.
என் அனுமதி அட்டையும் அப்படித்தான்.
ஓடினாலும் நின்றாலும்
பன்னிரண்டாம் மாதம் கொண்டுபோய்க் காட்டவேணும்.

ஞாயிறு சத்தம் கூடாது. ஆகவே சனி பின்னேரம்.
ஹாஸ்லே வரை ஓடி எண்ணெயைச் சூடாக்கி வந்தேன்.
முதலில் மேல்மூடி.
அது கழலுமா என்று பார்க்காமல் கீழ்மூடியைத் தொட்டவள்
வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு
திங்கட்கிழமை நடந்துதான் போவாள்.
கழன்றது.
பிறகு கீழ்மூடி.

தாரை எதிர்பார்த்தேன்.
வண்டிக்கு முப்பத்தொரு வயது,
கடைசி நான்கையும் மாட்டுக்கொட்டிலில் கழித்தது.
வந்தது தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
எதிர்வீட்டு யன்னல் தெரிகிற தேன்,
அழுகின முட்டை மணத்தோடு.
மூடியின் காந்தத்தில் விபூதிபோல ஒரு கிள்ளு.
விரலிடையில் தேய்த்தேன். எதுவும் குத்தவில்லை.

இருக்கைக்குக் கீழே சேவைக் கொப்பி.
வாங்கியபோது விரித்தே பார்க்கவில்லை.
இருபத்தாறு வருடம் ஒரே சாய்ந்த எழுத்து:
திகதி, தூரம், பின்பெட்டி எண்ணெய்.
பிறகு வேறு எழுத்து. நிமிர்ந்தது, பென்சில்.
ஏப்ரல். 61,240. பின்பெட்டி எண்ணெய்.
ஏப்ரல். 61,240. பின்பெட்டி எண்ணெய்.
61,240.
61,240.

விற்ற ரோஸ்மரி ஸ்பிண்டனுக்குப் போன் எடுத்தேன்.
வண்டி ஓடவேயில்லையே, ஏன் மாற்றினீர்கள்?
பின்னால் பால்கறக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.
"வாசிக்கவில்லையா? ஒரு வருடம் என்று போட்டிருக்கிறதே"
என்றார், நான் படிக்கத் தெரியாதவள்போல.
பிறகு இயந்திரம் நின்றது.
"மேல்மூடியை முதலில் கழற்றினீர்களா?"
ஓம்.
"நல்லது. முதல் ஏப்ரலில் நான் கழற்றவில்லை."
வைத்துவிட்டார்.

மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் கேட்டபோது
என்னை ஏற இறங்கப் பார்த்தாள் ஒரு பெண்.
அதால்தான் ஊற்றினேன், இருபது இருபதாய்,
ஒன்பது தடவை,
விளிம்பில் மினுக்கம் வரும்வரை.
புது வாஷர். மூடி. துணியால் ஒரு துடைப்பு.
தேனை ஜாம் போத்தலில் அடைத்து
நகரசபைக் களஞ்சியத்துக்குக் கொடுக்க ஓரமாய் வைத்தேன்.
பழுதாகாத ஒன்றை
எறியக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

கொப்பியில் அடுத்த வரி என்னுடையது.
ஏப்ரல். 63,018.
பின்பெட்டி எண்ணெய் என்று தமிழில் எழுதினேன்,
வட்டம் வட்டமாய், பென்சிலால்.
எனக்குப் பிறகு வாங்குகிறவர்
போன் எடுத்துக் கேட்கட்டும்.